ஏழாம் நம்பர் கல்

உக்காருங்க அண்ணாச்சி, தாராளமா உக்காருங்க. பஸ்ஸு என்ன எங்க அப்பன் வீட்டுதா? ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், தப்பா நெனைக்கப்படாது. சட்டைப் பையில செவப்புப் பேனா வச்சிருக்கீங்களே, அது எதுக்கு? வாத்தியாரா? எந்தப் பள்ளிக்கூடம்? என்ன பாடம்? சரி சரி, கணக்கு வாத்தியார்னா செவப்புப் பேனா இருக்கும்தான். நான் வேற மாதிரி நெனச்சுட்டேன். இன்னிக்கு இந்த ரூட்ல பரீட்சை நடத்துற ஆபீசருங்க போவாங்க. பக்கத்துல உக்காந்து நைசாப் பேச்சுக் குடுத்து, நம்ம வாயப் புடுங்கிட்டு, அங்க போயி நமக்கே எமனா நிப்பாங்க. ஒங்க மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியல. மூஞ்சிய வச்சு என்னத்தச் சொல்ல முடியும், அது வேற விஷயம்.

எனக்குத்தான் பரீட்சை. ஆமா, இந்த வயசுலதான். நாப்பத்தொண்ணு ஆகுது. சிரிக்காதீங்க.

பேரு செண்பகராஜ். சாத்தூர் பக்கம். தொழிலு நெலம் அளக்கறது. கவர்மெண்டு சர்வேயர் இல்ல அண்ணாச்சி, அவுக வேற. தாலுகாவுல மனு குடுத்துட்டு மாசக்கணக்கா காத்துக் கெடக்க முடியாதவுக இருப்பாகள்ல, பிளாட் போடுறவுக, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கறவுக, அவுகளுக்கு அளந்து படம் போட்டுக் குடுக்க உரிமம் வாங்குன ஆளு உண்டு. உரிமம் இல்லாட்டி நீங்க மயிரிழை பிசகாம அளந்தாலும் அந்தப் படத்துல கையெழுத்துப் போட முடியாது. நான் பதிமூணு வருஷம் அளந்திருக்கேன். நாலு தாலுகாவுல நான் மிதிக்காத காடு கெடையாது. ஒரு படத்துல, ஒரே ஒரு படத்துல என் கையெழுத்து இருக்கா? இல்ல. எல்லாத்துலயும் தனுஷ்கோடி சாரு கையெழுத்து. உரிமம் அவரு பேர்ல. அவரு வேப்பமரத்தடியில சேர் போட்டு உக்காந்திருப்பாரு, வெயில்ல நிக்கறது நானும் மாரீஸ்வரனும்.

மாரீஸ்வரன் யாருன்னு கேக்குறீங்களா? என் வீட்டுக்காரி காளீஸ்வரியோட தம்பி. கூடப் பொறந்த தம்பி. கலியாணத்தப்ப அரைக்கால் டவுசரு போட்டுக்கிட்டு எனக்கு மிதியடி எடுத்து வச்ச பய. நாந்தான் வேலைக்குச் சேத்துவிட்டேன். அத நல்லா ஞாபகத்துல வச்சுக்கங்க. சேத்துவிட்டது நானு.

எங்க தொழில்ல டேப்புக்கு ரெண்டு முனை அண்ணாச்சி. ஒருத்தன் சைபர் இருக்குற முனைய ஒரு கல்லு மேல வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கணும். இன்னொருத்தன் டேப்ப இழுத்துட்டுப் போயி அடுத்த கல்லுல எத்தனை மீட்டர்னு படிச்சு எழுதணும். படிக்கறது நானு. பிடிக்கறது அவன். பதிமூணு வருஷமும் அப்படித்தான். அவனுக்கு என்ன வேலை? கல்லுகிட்டக் குத்தவச்சு உக்காந்து, "வச்சாச்சு அத்தான்"னு ஒரு சத்தம். அம்புட்டுதான். மிச்ச நேரமெல்லாம் கல்லையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். அதுக்கு என்ன மூளை வேணும்? நம்பர் என்கிட்ட. கணக்கு என்கிட்ட. படம் போடுறது நானு. இதையும் ஞாபகத்துல வச்சுக்கங்க.

தனுஷ்கோடி சாருக்குக் கண்ணுல புரை விழுந்து போச்சு. இனிமே முடியாதுப்பா, நீங்க ரெண்டு பேரும் பரீட்சை எழுதி உரிமம் வாங்கிக்கங்கன்னுட்டாரு. எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. ரெண்டு பேரும்னு எதுக்குச் சொல்றாரு? என்னைய மட்டும் சொன்னா என்ன?

மூணு தடவைதான் எழுதலாம். அதுக்கு மேல மனுவே வாங்கமாட்டாங்க. மொதத் தடவை நான் தனியாத்தான் எழுதினேன், எழுத்துப் பரீட்சையிலயே போச்சு. போகாம? எனக்குப் போட்ட மேசைக்கு ஒரு காலு கட்டை. எழுத எழுத ஆடுது. அந்த ஹால்ல நாப்பது மேசை, ஒண்ணே ஒண்ணுதான் ஆடுச்சு, அது எனக்கு. தானா நடக்குமா அது? கண்காணிப்பாளரு வேற என்னையப் பாத்து ரெண்டு தடவை சிரிச்சாரு.

ரெண்டாவது தடவை மாரீஸ்வரனும் சேந்து எழுதினான். வீட்டுலதான் ரெண்டு பேரும் படிச்சோம். காளீஸ்வரி கேள்வி கேப்பா, நாங்க பதில் சொல்லணும். ஒண்ணு கவனிச்சேன் அண்ணாச்சி. எனக்குக் கேக்குறப்ப கஷ்டமான கேள்வி, அவனுக்குக் கேக்குறப்ப லேசான கேள்வி. என்னடின்னு கேட்டா, "புத்தகத்துல அடுத்தடுத்து இருக்கறதக் கேக்கறேன், இதுல என்ன இருக்கு?"ங்கிறா. எழுத்துப் பரீட்சையில ரெண்டு பேரும் தேறிட்டோம். அடுத்து செய்முறை. நெலத்துல எறங்கி அளந்து காட்டணும். அங்கதான் வந்துச்சு வெனை.

ஆலங்குறிச்சி விலக்குல எறங்கி உள்ள போனா ஒரு பயிற்சி மையம் இருக்கு. இப்ப நான் போறது அங்கதான். பெரிய கரிசக்காடு, ஊடால ஊடால நம்பர் வெட்டுன கல்லு. ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டாங்க. நாங்க சேந்து மனுப் போட்டதால நம்பரு அடுத்தடுத்து வந்து, நானும் அவனும் ஒரே ஜோடி. கையில பழைய படம் ஒண்ணு குடுப்பாங்க, இந்தக் கல்லுல இருந்து அந்தக் கல்லு இத்தனை மீட்டர்னு போட்டிருக்கும். அத வச்சுக்கிட்டு நெலத்த அளந்து தனித்தனி பேப்பர்ல எழுதிக் குடுக்கணும். மொதல்ல நான் படிக்கணும், அவன் பிடிக்கணும். அப்புறம் எடம் மாறி அவன் படிக்கணும், நான் பிடிக்கணும். பேச்சு கூடாது. "வச்சாச்சு", "சரி", ரெண்டே வார்த்தை. மூணாவது வார்த்தை பேசினா வெளிய அனுப்பிருவாங்க.

இதுக்கு முன்னால, மையத்து கேட்டுப் பக்கத்துல டீக்குடிச்சிட்டு நிக்கறப்ப, ஒரு ஆளு சொன்னான், ஜோடிக்கு ஒருத்தரத்தான் பாஸ் போடுவாங்களாம்னு. யாரு சொன்னானா? தெரியாது அண்ணாச்சி, டீக்கடையில ஒரு ஆளு. பேரா கேக்க முடியும்? ஆனா சரியாத்தான் இருக்கும்னு தோணுச்சு. இல்லாட்டி எதுக்கு ஜோடி போடணும்? நான் மாரீஸ்வரனத் திரும்பிப் பாத்தேன். அவன் வடையத் தின்னுக்கிட்டு இருந்தான். காதுல விழுந்துச்சா விழலையான்னு கண்டுபிடிக்க முடியல. விழாத மாதிரி இருந்தான். அதுதான் எனக்கு உறுத்துச்சு.

அஞ்சு கல்லு சரியா வந்துச்சு. படத்துல என்ன இருக்கோ அதான் டேப்புலயும், நாலு விரல் முன்னப் பின்ன. ஆறாம் நம்பர் கல்லுல நான் நிக்கறேன், ஏழாம் நம்பர் கல்லுல அவன் சைபர வச்சுப் பிடிக்கறான். படத்துல இருவத்தாறு மீட்டர் நாப்பது. டேப்பு எத்தனை காட்டுது? இருவத்தேழு இருவது. எம்பது சென்டிமீட்டர் கூட! பதிமூணு வருஷத்துல நான் இப்படி ஒரு வித்தியாசத்தக் கண்டதில்ல. திரும்ப இழுத்தேன். அதே இருவத்தேழு இருவது. அவன நிமிந்து பாக்கறேன். அவன் என்ன செஞ்சான் தெரியுமா? விரல மடக்கி அந்தக் கல்லு மேல டொக்கு டொக்குன்னு ரெண்டு தட்டுத் தட்டினான். என்னையப் பாத்துத் தலைய ஆட்டினான். அதே நேரத்துல, அதே நேரத்துல அண்ணாச்சி, மரத்தடியில நின்ன ஆபீசரு குனிஞ்சு நோட்டுல ஏதோ எழுதறாரு!

எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு. பய டேப்ப உள்ளங்கையில எம்பது சென்டிமீட்டர் சுருட்டி வச்சிருக்கான். சைபருக்குப் பதிலா எம்பதக் கல்லுல வச்சா என் பக்கம் அம்புட்டு கூடத்தான் வரும். நான் தப்பா எழுதணும், அவன் பாஸாகணும். தட்டுறது ஆபீசருக்கு ஜாடை.

நடந்து போயிப் பாக்க வேண்டியதுதானன்னு கேக்குறீங்க. இருவத்தேழு மீட்டர்தான், போயிருக்கலாம். போனா நான் சந்தேகப்படுறேன்னு அவனுக்குத் தெரிஞ்சு போகுமே! உஷாராயிருவான்ல? அதனால நானும் லேசாச் சிரிச்சு, "சரி"ன்னு ஒரு குரல் குடுத்துட்டு, பேப்பர்ல இருவத்தாறு நாப்பதுன்னு எழுதிட்டேன். படத்துல உள்ளது. எவனால என்ன பண்ண முடியும்?

அப்புறம் எடம் மாறினோம். இப்ப நான் ஏழாம் நம்பர் கல்லுல குத்தவச்சிருக்கேன். அவன் அங்கிட்டு நின்னு படிக்கறான். நான் கல்லு மேல கைய வச்சு அமுக்கிக்கிட்டே கண்ண எடுக்காம அவனையேதான் பாத்தேன். பத்து நிமிசம் இருக்கும். கண்ணு சிமிட்டல. அவன் டேப்பப் படிச்சான், திரும்ப ஒருக்க இழுத்துப் பாத்தான், அப்புறம் எழுதினான், எழுதினான், எழுதிக்கிட்டே இருக்கான். ஒரு நம்பர எழுத அம்புட்டு நேரமா? என்னதான் எழுதுறான்?

பேப்பர்ல கடைசியா ஒரு கட்டம் இருக்கும். 'உடன் அளந்தவரைப் பற்றிய குறிப்பு'ன்னு போட்டிருக்கும். முக்காவாசிப் பேரு ஒண்ணும் எழுதமாட்டாங்க, ஒரு கோடு போட்டு விட்ருவாங்க. நான் எழுதினேன். என்ன எழுதினேங்கிறது இருக்கட்டும், வாரேன்.

முடிவு வந்துச்சு. அவன் பேரு இருக்கு. என் பேரு இல்ல.

பதிமூணு வருஷம் நம்பரையே பாக்காத பய பாஸு. நான் ஃபெயிலு. எப்படி இருக்கும் அண்ணாச்சி எனக்கு? ரெண்டு நாள் சோறு எறங்கல. அவன் மூஞ்சியில முழிக்கவே பிடிக்கல. அவன் வீட்டுக்கு வந்தான், சந்தோசமெல்லாம் காட்டல, சும்மா உம்முன்னு உக்காந்துட்டு, "அத்தான், என் உரிமத்துல நாம ரெண்டு பேரும் அளப்போம். நீங்களே படிங்க, நீங்களே படம் போடுங்க. நான் கையெழுத்து மட்டும் போடுறேன்"னான். கையெழுத்து மட்டும்! கேட்டீங்களா பேச்ச? தனுஷ்கோடி சாரு போயி இவன் வந்துட்டான் சேரு போட்டு உக்கார. வெளிய போடான்னுட்டேன்.

மனு எழுதினேன். மூணு பக்கம். மேசை ஆடுனதுல இருந்து ஆரம்பிச்சு, டீக்கடையில கேட்டது, கல்லுல தட்டுனது, ஆபீசரு குனிஞ்சது, ஒண்ணு விடல. காளீஸ்வரி மனுவ வாங்கிப் படிச்சா. "என் தம்பி மேலயா எழுதியிருக்கீக?"ன்னு மட்டும் கேட்டா. அப்படியே தையல் மிசின்ல போயி உக்காந்துட்டா.

ஒரு மாசத்துல விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. ரெண்டு பேரையும். ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, பெரிய ஆபீசரு. குரலு ஒசரவே இல்ல. அப்படிப் பேசறவுகளப் பாத்தா எனக்குக் கொஞ்சம் பயம்தான். அந்தம்மா மேசையில எங்க ரெண்டு பேப்பரும் இருக்கு. என்னையப் பாத்து, "ஏழாம் நம்பர் கல்லுக்கு டேப்புல எவ்வளவு வந்தது?"ன்னு கேட்டாங்க. "இருவத்தேழு இருவது வந்துச்சு மேடம், ஆனா அது அவன் சுருட்டிப் பிடிச்சதால"ன்னேன். "அப்புறம் நீங்க எழுதினது?" "இருவத்தாறு நாப்பது." அந்தம்மா கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே சொல்றாங்க, "அந்தக் கல்ல நாங்கதான் பிடுங்கி எம்பது சென்டிமீட்டர் தள்ளி நட்டோம். ஒவ்வொரு வருஷமும் ஒரு கல்ல மாத்தி நடுவோம். படத்தப் பாத்து எழுதற ஆள் யாரு, நெலத்தப் பாத்து எழுதற ஆள் யாருன்னு தெரியணும்ல?"

நம்புனீங்களா அண்ணாச்சி? நான் ஒடனே நம்பல. இருங்க.

அந்தம்மா ஒரு வேலை செஞ்சாங்க. அவன் பேப்பர எடுத்து என்கிட்டக் குடுத்தாங்க, என் பேப்பர எடுத்து அவன்கிட்டக் குடுத்தாங்க. "ஏழாம் நம்பரையும் கடைசிக் கட்டத்தையும் சத்தமாப் படிங்க"ன்னாங்க. மொத ஆளு நானு. படிச்சேன். 'இருபத்தேழு மீட்டர் இருபது. கல் எண் ஏழு பிடுங்கி நடப்பட்டுள்ளது. கல்லில் பழைய மண்கறை தரைக்கு மேல் நான்கு விரல் தெரிகிறது. சுற்றிலும் அறுகு வேர் இல்லை.' அவன் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும், ஆனா புரிஞ்சுச்சு. கல்லத் தட்டுனானே, அது இதச் சொல்லத்தானாம். பேசக் கூடாதுல்ல, அதான் தட்டியிருக்கான்.

கரிசமண்ணுல வருஷக்கணக்கா நின்ன கல்லுல மண்ணு மட்டத்துக்குக் கறை ஏறியிருக்கும், சுத்தி அறுகம்புல்லு வேரு பின்னியிருக்கும் அண்ணாச்சி. பிடுங்கி நட்டா அந்தக் கறை மேலயோ கீழயோ தெரியும். அது எனக்குத் தெரியாததா? புத்தகத்துலயே இருக்கு. நானுந்தான் பத்து நிமிசம் அந்தக் கல்லு மேல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். குனிஞ்சா தெரிஞ்சிருக்கும்.

கடைசிக் கட்டத்துல என்ன எழுதியிருந்தான்னு கேளுங்க. என்னையப் பத்தி. 'பன்னிரண்டு வருடம் இவருடன் அளந்திருக்கிறேன். இவர் முனையைப் பிடித்தால் திரும்பச் சரிபார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் கல் மாறியிருப்பதால் இரண்டு முறை அளந்தேன்.' பதிமூணு வருஷம் அண்ணாச்சி, பன்னிரண்டுன்னு எழுதியிருக்கான், அதுலயும் ஒண்ணு கொறச்சல்.

நெசமாச் சொல்றேன், அந்தக் கடைசி வரிய நானும் ரெண்டு தடவை படிச்சேன்.

அடுத்து அவன் முறை. என் பேப்பரு அவன் கையில. நான் அந்தக் கட்டத்துல என்ன எழுதியிருந்தேங்கிறத இப்பச் சொல்லிருதேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. 'மேற்படி நபர் டேப்பைச் சுருட்டிப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர். நம்பத் தகாதவர்.' என் கைப்பட எழுதி, கீழ கையெழுத்தும் போட்டிருக்கேன். கையெழுத்துப் போட எனக்குக் கெடச்ச மொதப் பேப்பரு அதுதான்.

அவன் படிச்சான். மனசுக்குள்ள. ஒதடு மட்டும் அசைஞ்சுச்சு. அந்தம்மா, "சத்தமா"ன்னாங்க. அவன் பேப்பர மடிச்சு மேசையில வச்சுட்டு, "எழுத்துப் புரியல மேடம்"னான்.

என் எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும் அண்ணாச்சி. ஊரே சொல்லும். பட்டாவுக்கு மனு எழுத என்கிட்டத்தான் வருவாங்க. புரியலன்னுட்டான்! அந்தம்மா அவனையும் பாத்தாங்க, என்னையும் பாத்தாங்க. அப்புறம் போயிட்டு வாங்கன்னுட்டாங்க. எதுக்கு அப்படிச் சொன்னான்? என்னையக் காப்பாத்தவா? இல்ல, பெரிய மனுசனாகப் பாத்தானா? அன்னிக்கு ராத்திரியெல்லாம் இதத்தான் யோசிச்சேன். பஸ்ஸுல வாறப்ப முன்னாடி சீட்டுல தனியா உக்காந்துக்கிட்டான். எறங்குறப்ப சொல்லாமலே போயிட்டான்.

வீட்டுல காளீஸ்வரிகிட்ட, கல்ல அவங்களே மாத்தி வச்சாங்களாம், நம்புற மாதிரியா இருக்குன்னேன். அவ மிசின நிறுத்திட்டு, "ஊருல இருக்குற மனுசரு அம்புட்டுப் பேரு மேலயும் ஒங்களுக்குச் சந்தேகம். ஒரு கல்லு மேல வரலையே"ன்னா. எனக்கு வந்துச்சே ஆத்திரம். சாப்பாட்டுத் தட்டத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். போயி எங்க போக? கம்மாக்கரையில நின்னுட்டுத் திரும்பி வந்தேன். தட்டு கழுவி வச்சிருந்துச்சு.

எட்டு மாசம் ஆச்சு. அவனும் வரல, நானும் போகல. எனக்கு வேலையும் இல்ல. தனுஷ்கோடி சாரு கடைய மூடிட்டாரு, வேற உரிமக்காரங்க யாரும் என்னையச் சேக்க மாட்டேங்கறாங்க. ஏன்னு கேட்டா, "நீங்க மனுப் போடுற ஆளாமே"ங்கிறாங்க. அவ தைக்கற ஜாக்கெட்டுலதான் வீடு ஓடுது. இன்னிக்கு மூணாவது தடவை. எழுத்துப் பரீட்சை திரும்ப எழுத வேண்டாம், செய்முறை மட்டும். இதுலயும் போச்சுன்னா ஆயுசுக்கும் நான் நெலத்துல கால வைக்க முடியாது அண்ணாச்சி. எனக்கு வேற ஒரு எழவும் தெரியாது. இட்லி அவிக்கக்கூடத் தெரியாது.

இந்த வருஷம் ஜோடி கெடையாதாம். ஒரு உதவியாளர நாமளே கூட்டிட்டு வரணுமாம், முனையப் பிடிக்க. நல்லாப் பாத்துக்கங்க, ஆள் இல்லாட்டி கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. யாரக் கூட்டிட்டுப் போறது? பக்கத்து வீட்டு ராமர் வாரேன்னான். கூலி வேண்டாம்னான். கூலி வேண்டாம்னு ஒருத்தன் வந்தா என்ன அர்த்தம்? வேண்டாம்னுட்டேன். பால்காரர் மகன் வாரேன்னான், அவன் மாரீஸ்வரன்கூட கிரிக்கெட் ஆடுறவன். வேண்டாம்னுட்டேன். காலையில வரைக்கும் ஆள் இல்ல. கேட்டுல யாரையாவது பிடிச்சுக்கலாம்னு வந்துட்டேன். நீங்க வர முடியுமா? விளையாட்டுக்குக் கேக்கல. ஒங்களுக்கு என்னையத் தெரியாது, எனக்கு ஒங்களத் தெரியாது, ஒரு பகையும் இல்ல. விடைத்தாள் திருத்தப் போகணுமா? ஆமா, அது முக்கியம்தான். பிள்ளைக பொழப்பு.

இப்ப நான் ஒண்ணு சொல்றேன், டக்குன்னு திரும்பிராதீங்க. பின்னாடி, கடைசிக்கு முந்தின சீட்டு, ஜன்னல் ஓரம், நீலச் சட்டை. அதான் மாரீஸ்வரன்.

பஸ் ஸ்டாண்டுலயே பாத்துட்டேன். அக்காகாரி அனுப்பியிருப்பா. டேப்புப் பையும், அளக்கறப்ப அடையாளத்துக்கு நட்டு வைக்கிற ஊன்றுகழியும் கொண்டாந்திருக்கான். என்கிட்டயும் பேசல, பக்கத்துலயும் வரல. பேசாம ஏறிப் பின்னாடி போயி உக்காந்துட்டான். எதுக்கு வந்திருக்கான்? சொல்லுங்க, நீங்க கணக்கு வாத்தியாரு. இதுல என்ன கணக்கு? அவன் நெனச்சா இன்னிக்கு என்னைய முடிச்சிரலாம். டேப்ப ஒரு விரல் தள்ளிப் பிடிச்சாப் போதும், எவனுக்கும் தெரியாது. போன வருஷம் அவனுக்கு ஒரு காரணமும் இல்ல அண்ணாச்சி. இன்னிக்கு இருக்கு. நான்தான குடுத்தேன் காரணத்த, எழுதி, கையெழுத்துப் போட்டு.

இப்பத் திரும்புங்க. மெதுவா. என்ன செய்றான்? தூங்குறானா? தலை ஜன்னல்ல சாஞ்சிருக்கா? வாய் தெறந்திருக்கா? ஆத்தாடி, எப்படித் தூங்க முடியுது அவனால? நான் மூணு நாளாக் கண்ண மூடல.

அது தூக்கமில்ல அண்ணாச்சி. நடிக்கறான். எனக்குத் தெரியாதா அவன? தூங்குனா குறட்டை விடுவான், வீடு அதிரும். சத்தம் கேக்குதா? இல்லைல்ல? நடிப்பு.

இந்தா, கண்டக்டரு சொல்லிட்டாரு. ஆலங்குறிச்சி விலக்கு அடுத்தது. அவன் எந்திரிக்கல பாருங்க. எழுப்பாம விட்டா நேரா மதுரைக்குப் போயிருவான், நான் கேட்டுல ஆளில்லாம நிக்கணும். எழுப்புனா அவன் கையிலதான் முனையக் குடுக்கணும். நீங்க எழுப்புறீங்களா? வேண்டாம் வேண்டாம், உக்காருங்க. நீங்க எழுப்பினா நான் சொல்லித்தான் எழுப்புனீங்கன்னு நெனைப்பான்.

பயமா இருக்கு அண்ணாச்சி. அவன் இன்னிக்குத் துரோகம் பண்ணிருவானோன்னு இல்ல. அத நான் தாங்கிருவேன், அதுக்குப் பழகிட்டேன். அவன் ஒண்ணுமே பண்ணாம, அன்னிக்கு மாதிரியே ஒழுங்காப் பிடிச்சு, "வச்சாச்சு அத்தான்"னு ஒரு குரல் குடுத்தான்னு வையுங்க. அப்ப இம்புட்டு நாளாப் பண்ணுனதெல்லாம் யாரு? நான்தான? அந்த ஆபீசரும் இல்ல, ஆடுன மேசையும் இல்ல, இவனும் இல்ல. நான் ஒருத்தன்தான். அத எப்படி அண்ணாச்சி ஒரு மனுசன் தாங்குறது?

கண்டக்டரே, ஒரு நிமிசம்! விசில் அடிச்சிராதீங்க, ஆள் எறங்கணும். ரெண்டு ஆளு.

எட்டு மாசமாக் கூப்பிடல. என்னன்னு கூப்பிட? இருங்க, வாரேன்.

மாப்ள. ஏ மாப்ள. எந்திரிப்பா. எடம் வந்துருச்சு.

...

அண்ணாச்சி, போயிட்டு வாரேன். ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி. எறங்கிட்டான், கீழ நிக்கறான் பாருங்க, கழியத் தோள்ல போட்டுக்கிட்டு. என்ன சொன்னான் தெரியுமா? கண்ணத் தெறக்காமலே சொல்றான், "முழிச்சுத்தான் அத்தான் இருக்கேன். நீங்களாக் கூப்பிடுறீங்களான்னு பாத்தேன். கூப்பிடலன்னா அப்படியே மதுரைக்குப் போயிருப்பேன்"ங்கிறான்.

நான் சொன்னேன்ல அண்ணாச்சி, நடிக்கறான்னு? சொன்னேனா இல்லையா?